கடைசல் பட்டறைக்குப் போவதும் உளி சேர்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சொப்புச் சாமான் கடைகிறவர்கள் இருந்த தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இங்கிலாந்துக்கு வந்து, தலை நரைத்த பிறகு, நாற்பது மைல் கார் ஓட்டிப் போய் யாருடைய கொட்டகையிலோ நின்று மரம் சுற்றுவதை வேடிக்கை பார்க்கிறேன். வீட்டில் இதைச் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது.

லேத்தில் மரத்தைச் சுற்றவிட்டு உளியால் கடைகிற இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கிற நம்மவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். நான் பார்த்தது இங்கிலாந்து என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

மரக் கடைசலும் லேத் பட்டறையில் இரும்பு கடைவதும் ஒன்றுதானா?

சுற்றுவது மட்டும்தான் ஒன்று. இரும்பு லேத்தில் வெட்டும் கருவியை எந்திரமே இறுக்கிப் பிடித்திருக்கும். மர லேத்தில் உளி உங்கள் கையில். அதைத் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கட்டை, டூல் ரெஸ்ட், அவ்வளவுதான். அதனால் எந்திரம் எவ்வளவு உசத்தி என்பதைவிட உளி எவ்வளவு கூர், கை எந்தக் கோணத்தில் என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கும்.

இதிலும் இரண்டு வகை உண்டு. கட்டில் கால், பூரிக்கட்டை, பம்பரம் மாதிரி நீளவாக்கில் மரத்தின் ரேகை ஓடும்படி கடைவது ஒன்று. அது ஸ்பிண்டில் வேலை. கிண்ணம், தட்டு மாதிரி ரேகை குறுக்கே கிடக்கும்படி கடைவது மற்றொன்று. இரண்டுக்கும் உளி வேறு. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கீழே வரும்.

முதலில் லேத் வாங்குவதா, உளி வாங்குவதா?

இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு கிளப்புக்குப் போங்கள். பிரிட்டனில் மரக் கடைசல்காரர்களின் சங்கம் 1987இல் தொடங்கியது. அதோடு இணைந்த உள்ளூர் கிளப்புகள் நாடு முழுக்க இருக்கின்றன. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய சங்கத்துக்கு 350க்கும் மேல் உள்ளூர்க் கிளைகள். லண்டனில் கடைசல்காரர்களின் பழைய சங்கம் ஒன்றுக்கு அரச சாசனமே 1604இல் கிடைத்திருக்கிறது. ஆக, கூட்டம் சேருவது இவர்களுக்குப் புதுப் பழக்கம் இல்லை.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒரு மாலை, ஊர்ப் பொது மண்டபம், முன்னால் ஒரு லேத், ஒருவர் கடைந்து காட்டுவார். நடுவில் டீ, பிஸ்கட், ஒரு குலுக்கல். ஓரத்து மேஜையில் உறுப்பினர்கள் கடைந்து கொண்டுவந்த கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். எடுத்துத் தடவிப் பாருங்கள். அடியைத் திருப்பிப் பார்க்காமல் வைக்கிறவர் புதியவர் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கிளப் போதாதா? ஒருவருடைய சொந்தப் பட்டறைக்கு ஏன் போக வேண்டும்?

கிளப்பில் காட்டுவது நன்றாக வந்த வேலை. பட்டறையில் கிடப்பது எல்லாமும்.

நான் முதலில் போனது ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரின் கொட்டகை. எட்டடிக்குப் பத்தடி இருக்கும். சுவரில் ஒரு ஆணியில் வளைந்துபோன பெரிய உளி ஒன்று தொங்கியது. ரஃபிங் கவுஜ்: சதுரக் கட்டையை உருட்டாக்க ஸ்பிண்டில் வேலையில் முதலில் பிடிக்கும் அகலமான குழி உளி. வெட்டுமுனை விரல் தடிமன், ஆனால் கைப்பிடிக்குள் இறங்கும் காம்பு மட்டும் தட்டையாக, மெலிதாக இருக்கும். அந்தக் காம்பு முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. மனிதர் அதைக் கிண்ணம் கடையப் பிடித்திருக்கிறார். குறுக்கு ரேகையில் உளி மாட்டிக்கொண்டது. மரம் நிற்கவில்லை, காம்புதான் மடங்கியது. "உளியோட சேர்ந்து கையும் மடங்காமப் போச்சேன்னு மாட்டி வெச்சிருக்கேன்" என்கிற பொருளில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

ரஃபிங் கவுஜைக் கிண்ணத்தில் வைக்காதே என்று அதற்கு முன் பத்து தடவை படித்திருப்பேன். அந்த ஆணியைப் பார்த்த பிறகுதான் அது உடம்பில் ஏறியது. இதற்காகத்தான் பட்டறைக்குப் போகச் சொல்கிறேன். அதோடு, எட்டடிக்குப் பத்தடியில் லேத் எங்கே, சாணை எங்கே, விளக்கு எந்தப் பக்கம், மரம் எங்கே அடுக்குவது என்று ஒருவர் இருபது வருடமாக மாற்றி மாற்றி வைத்துக் கண்டுபிடித்ததை நீங்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

சரி, எப்படிக் கேட்பது? வெறுங்கையோடு போகலாமா?

டீ நேரத்தில் நேரிலேயே கேளுங்கள். "உங்கள் சாணை அமைப்பைப் பார்க்க வேண்டும்" என்று குறிப்பாகக் கேட்டால் உடனே சரி என்பார்கள். "சும்மா வந்து பார்க்கட்டுமா" என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள், யாராக இருந்தாலும்.

பிஸ்கட் வாங்கிப் போகலாம். அதைவிட மதிப்பு ஒரு மரத்துண்டுக்கு. பக்கத்து வீட்டுச் செர்ரி மரம் வெட்டினார்கள், ஒரு அடித்துண்டு வாங்கிவந்தேன் என்று நீட்டிப் பாருங்கள், அப்புறம் அவர் உங்களைச் சீக்கிரம் அனுப்ப மாட்டார். நான் ஒரு முறை ஊரிலிருந்து கொண்டுவந்த அரக்குக் குச்சி இரண்டைக் கொடுத்தேன். கர்நாடகத்தில் மரப் பொம்மைக்குப் பேர்போன சன்னபட்டணாவில், சுற்றுகிற மரத்தின் மேல் அந்தக் குச்சியை அழுத்தினால் உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி ஒட்டும், அப்புறம் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள் என்று விளக்கினேன். அன்று மதியம் முழுக்க அவர் வேறு வேலை பார்க்கவில்லை.

அங்கே எங்கே நிற்பது? எதைத் தொடலாம்?

சுற்றுகிற மரத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். கிண்ணம் கழன்றால் அல்லது உடைந்தால் அது சுற்றும் தளத்திலேயேதான் பறக்கும். ஓரமாக, டெயில்ஸ்டாக் பக்கம் (லேத்தின் கோடியில் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) ஒதுங்கி நில்லுங்கள். முகக் கவசம் கூடுதலாக ஒன்று அவரிடம் இருக்கும், கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள். வெறும் கண்ணாடி போதாது. தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, மோதிரம், கைக் கயிறு எதுவும் லேத் அருகே ஆகாது. கோயில் கயிறைக் கழற்ற மனசு வரவில்லை என்றால் சட்டைக் கைக்குள் இறுக்கிச் செருகிவிட்டுத் தூரமாக நில்லுங்கள்.

உளியைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. முனை கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். வரிசை கலைந்துவிடும் என்பதும் உண்டு. பழகியவர் பார்க்காமலே கை நீட்டி எடுப்பார். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். எடுத்தாலும் கொட்டகை எந்தத் தெரு என்று தெரிகிற மாதிரி வெளியே போடாதீர்கள். கருவித் திருட்டு இங்கே சாதாரணம்.

என்ன கேள்வி கேட்டால் அதிகம் கற்றுக்கொள்ளலாம்?

நான் எல்லாப் பட்டறையிலும் கேட்பது இரண்டு. இதில் நீங்கள் தினமும் எடுப்பது எது? ஒரு வருடமாகத் தொடாதது எது? நாற்பது உளி தொங்குகிற சுவரில் முதல் கேள்விக்கு நாலைந்தைத்தான் காட்டுவார்கள். இரண்டாவதற்குச் சுவரில் முக்கால்வாசி வந்துவிடும். உங்கள் பணம் எவ்வளவு மிச்சம் ஆகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, சாணை பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைவதைவிட இதைப் பார்ப்பதுதான் முக்கியம். தபால்காரர் செய்தது இப்படி: ஒரு பவுல் கவுஜின், அதாவது கிண்ணம் கடையும் குழி உளியின், சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கரால் மையைப் பூசினார். சாணையை ஓடவிடாமல் கையாலேயே சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டினார். உளியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். குதிகால் பக்கம், அதாவது சரிவின் பின்விளிம்பில் மட்டும் மை போயிருந்தது, முனையில் கறுப்பு அப்படியே. சாணையில் உளியைக் கோணம் மாறாமல் பிடிக்கும் தாங்கியைக் கால் அங்குலம் நகர்த்தினார். மறுபடி மை, மறுபடி ஒரு உருட்டு. இப்போது முனையிலிருந்து குதிகால் வரை ஒரே பளபளப்பு. அதன் பிறகுதான் சுவிட்சைப் போட்டார், மூன்று நொடிகூட இருக்காது. "இரும்பைக் குறைக்க வரவில்லை, மையைத் துடைக்கத்தான் வந்தேன்" என்றார். அதுவரை நான் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் தேய்த்து, வருடத்துக்கு ஒரு உளியைத் தின்றுகொண்டிருந்தேன்.

முதலில் எத்தனை உளி வேண்டும்?

ஐந்து. ஒரு ரஃபிங் கவுஜ், ஒரு ஸ்பிண்டில் கவுஜ், ஒரு பவுல் கவுஜ், வெட்டிப் பிரிக்க ஒரு பார்ட்டிங் டூல், சுரண்ட ஒரு வளைமுனை ஸ்கிரேப்பர். ஆறாவதாக ஸ்கியூ, சாய்ந்த முனையுள்ள தட்டை உளி. மிக வழவழப்பாகச் சீவுவது அதுதான், புதியவர்களை மிரட்டுவதும் அதுதான். கிண்ணம் மட்டும் போதும் என்றால் ரஃபிங் கவுஜும் ஸ்கியூவும் தேவையே இல்லை.

நான் எட்டு உளி இருக்கிற மரப்பெட்டி செட் ஒன்றைக் கடையில் பார்த்து மயங்கி வாங்கினேன். அதில் மூன்றைத்தான் பயன்படுத்தினேன். மற்ற ஐந்தும் பெட்டியில் அழகாக இருக்கின்றன. அந்தப் பணத்தில் நல்ல சாணை வாங்கியிருக்கலாம்.

எந்தச் சாணை?

வேகம் குறைந்தது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண மேஜைச் சாணை நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று போகும், மெதுவான வகை அதில் பாதி. எட்டு அங்குலச் சக்கரம் நல்லது. ஈரச் சாணை நிமிடத்துக்கு 90 சுற்றுதான், சூடே ஏறாது. ஆனால் வடிவம் மாற்ற வேண்டுமென்றால் பொழுது விடிந்துவிடும். கோணம் மாறாமல் பிடிக்கும் தாங்கி அமைப்பு எதுவானாலும் வாங்கிவிடுங்கள். வெறுங்கையால் பிடிப்பது வீரம்தான், ஆனால் வருடக்கணக்கில் பழக வேண்டும்.

இங்கிலாந்தில் 3/8 அங்குலம் என்று வாங்கிய பவுல் கவுஜ் அமெரிக்கக் காணொளியில் 1/2 அங்குலமாக இருக்கிறதே?

ஏமாந்துவிட்டோம் என்று எழுதிய ஒருவருக்குச் சொன்ன பதில்: ஏமாறவில்லை. பவுல் கவுஜை, உளிக்குப் பேர்போன இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டுக்காரர்கள் பள்ளத்தின் அகலத்தை வைத்து அளப்பார்கள், அமெரிக்காவில் தண்டின் விட்டத்தை வைத்து. ஆகவே இங்கத்திய 3/8தான் அங்கே 1/2. தபாலில் வாங்கும்போது தண்டு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுவிடுங்கள், சண்டை வராது.

பழைய உளி வாங்கலாமா? எப்படிப் பார்ப்பது?

தாராளமாக. ஷெஃபீல்டில் செய்த பழைய உளிகளின் தண்டில் பெயர் குத்தியிருக்கும். ராபர்ட் சோர்பி (1828), ஹென்றி டெய்லர் (1834) என்று இன்றும் உளி செய்கிற பெயர்களே அத்தனை பழசு. துருவுக்குப் பயப்பட வேண்டாம். முனையில், பள்ளத்தின் உள்பக்கம் குழிக்குழியாக அரித்திருந்தால் மட்டும் வேண்டாம். எவ்வளவு தேய்த்தாலும் கூர்விளிம்பில் பல் விழும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது எஃகு எந்த வகை என்பது. பழையவை பெரும்பாலும் கார்பன் எஃகு. இன்று விற்பவை பெரும்பாலும் ஹைஸ்பீடு எஃகு. கார்பன் எஃகில் கூர் அருமையாக ஏறும், ஆனால் சாணையில் சூடாகி முனை நீலம் பாய்ந்தால் போச்சு; சுமார் 300 டிகிரிக்கு மேல் போய்விட்டது, கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நீலம் போகும்வரை தேய்த்துத் தள்ள வேண்டியதுதான். ஹைஸ்பீடு எஃகு 500 டிகிரி தாண்டியும் தாங்கும். அதனால் கார்பன் உளியை அடிக்கடி தண்ணீரில் முக்கித் தேய்க்க வேண்டும்; ஹைஸ்பீடு உளியை நன்றாகச் சூடான பிறகு தண்ணீரில் முக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

பிரித்தறிய பொறியைப் பாருங்கள். கார்பன் எஃகு சாணையில் கம்பி மத்தாப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்துச் சிதறும். ஹைஸ்பீடு எஃகில் மங்கிய செந்நிறக் கோடுகள்தான் ஓடும், பூக்காது. விற்பவர் சாணை வைத்திருந்தால் கைப்பிடிப் பக்கத்துக் காம்பில் லேசாகத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். ஆனால் சில உளிகளில் காம்பு வேறு எஃகில் ஒட்டவைத்திருக்கும், ஆகவே முனைப் பக்கம் பார்ப்பதே நிச்சயம்.

எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை கார் டிக்கியில் வைத்து விற்கும் சந்தைகள். பழைய கருவி ஏலங்கள். 1979இல் தொடங்கிய டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ் என்ற தொண்டு அமைப்பு. பழைய கருவிகளைச் சீர்செய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறது, அதற்கு ஆகாதவற்றை இங்கே விற்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் கிடைப்பது கிளப்பில்தான், சொல்லச் சங்கடமான வழியில். உறுப்பினர் ஒருவர் இறந்துவிடுவார். வீட்டம்மாவுக்குக் கொட்டகையை என்ன செய்வதென்று தெரியாது. கிளப்பில் இரண்டு பேர் போய் எல்லாவற்றையும் எடுத்து, விலை எழுதி, மேஜையில் பரப்பிவிடுவார்கள். அந்த மேஜையில் பேரம் பேசாதீர்கள். பணம் அந்த அம்மாவுக்குப் போகிறது. தபால்காரரின் கொட்டகையும் ஒரு நாள் அப்படி மேஜைக்கு வந்தது. வளைந்த உளிக்கு விலை எழுதவில்லை. நான்தான் எடுத்து வந்தேன்.

பயன்படுத்தாமல், சேர்ப்பதற்காகவே சேர்ப்பது தப்பா?

தப்பென்று யார் சொல்வது? ஆனால் எதற்குச் சேர்க்கிறோம் என்று தெரிந்திருந்தால் நல்லது. பக்கிள்பரி என்ற ஊரில் ஜார்ஜ் லெய்லி என்று ஒருவர் இருந்தார், 1869இல் பிறந்தவர். மின்சாரம் இல்லை, வளைந்த கழியும் கயிறும் மிதியும் கொண்ட லேத். கொக்கி மாதிரி வளைந்த உளியால் ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணங்களை எடுப்பார். பெரிய கிண்ணத்துக்குள்ளிருந்து சின்னது, அதற்குள்ளிருந்து இன்னும் சின்னது. 1958இல் அவர் இறந்தபோது இந்த முறையும் கிட்டத்தட்ட முடிந்தது. ஆனால் லேத்தையும் உளிகளையும் ரெடிங் நகரத்தில் உள்ள ஆங்கிலக் கிராமிய வாழ்வு அருங்காட்சியகம் எடுத்து வைத்தது. பல பத்தாண்டு கழித்து ராபின் வுட் என்பவர் அந்த உளிகளைப் பார்த்து, அதே மாதிரி தானே அடித்துச் செய்து, கால்மிதி லேத்தில் கிண்ணம் கடைவதை மீண்டும் கொண்டுவந்தார். உளி இருந்தது, அதனால் முறை திரும்பியது.

நம் ஊரை நினைத்தால் எனக்கு இங்கேதான் உறுத்தும். அம்பாசமுத்திரத்தில் மஞ்சள் கடம்பில் சொப்புக் கடைந்த கைகளின் உளியை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தத் தெருவில் நான்கு வீடு ஏறி இறங்குவதாக இருக்கிறேன்.

பழைய லேத் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பள்ளிக்கூடப் பட்டறைகளில் இருந்து கழித்துவிட்ட, கிராஜுவேட் என்ற பெயருள்ள லேத்துகள், நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் செய்த மைஃபோர்டு எம்எல்8 எல்லாம் இன்னும் சுற்றுகின்றன. வார்ப்பிரும்பு கனம், தூக்க மூன்று பேரோடு போங்கள். சுழல்தண்டின் மரை என்ன அளவு என்று முதலில் கேளுங்கள். இங்கே புது லேத்துகளில் எம்33 (33 மில்லிமீட்டர் விட்டம்), மரை இடைவெளி 3.5 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு. அமெரிக்காவில் ஒரு அங்குலம், அங்குலத்துக்கு எட்டு மரை. பழைய லேத்தில் இரண்டும் இல்லாமல் எதுவும் இருக்கலாம். மரை பொருந்தாவிட்டால் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் உங்கள் சக் ஏறாது, அடாப்டர் தேட வேண்டும். அப்புறம் மோர்ஸ் டேப்பர், அதாவது உதிரிகளைச் செருகும் கூம்புத் துளை: வாய் சுமார் 18 மில்லிமீட்டர் என்றால் இரண்டாம் எண், 12 என்றால் ஒன்றாம் எண். இரண்டாம் எண் உதிரிகள்தான் எளிதில் கிடைக்கும்.

எந்த வேகத்தில் ஓட்டுவது?

கிண்ணத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் வர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பத்து அங்குலக் கிண்ணம் என்றால் நிமிடத்துக்கு 600 முதல் 900. சமன் இல்லாத பச்சைக் கட்டை என்றால் அதற்கும் கீழே.

தூசி அவ்வளவு ஆபத்தா?

ஆம். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே வகைப்படுத்திவிட்டது. சுருள் சீவல் ஒன்றும் செய்யாது. உப்புத்தாள் போடும்போது பறக்கிற மாவுதான் எதிரி. முகமூடி இல்லாமல் உப்புத்தாள் எடுக்காதீர்கள். யூ மரமும் லபர்னமும் விஷ மரங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு ஆகாது.

என் கொட்டகையைப் பார்க்க வருகிறேன் என்று யாராவது கேட்டால்?

வரச் சொல்லுங்கள், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தரையில் சீவலைக் கூட்டுங்கள், வழுக்கும். ஆனால் ரொம்பச் சுத்தம் செய்துவிடாதீர்கள். வெடித்த கிண்ணம், பாதியில் விட்ட வேலை எல்லாம் கண்ணில் படட்டும். வருகிறவர் அதைப் பற்றித்தான் கேட்பார். என் சுவரிலும் இப்போது ஆணியில் அந்த வளைந்த உளி தொங்குகிறது. வந்தவர்களில் அதைக் கேட்காமல் போனவர் ஒருவர்கூட இல்லை.

இங்கே சேர்த்த உளிகளை ஊருக்குக் கொண்டுபோகலாமா?

கைப்பையில் முடியவே முடியாது, ஏற்றிவிடும் பெட்டியில்தான். கைப்பிடியைக் கழற்றிவிட்டு எஃகை மட்டும் கட்டுங்கள், பாதி நீளம் குறையும். முனையில் பழைய தோட்டக்குழாய்த் துண்டைச் செருகி டேப் சுற்றுங்கள். இரண்டு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் சின்னச் சாணையும் ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். கைப்பிடிக்குப் புளியமரம் போதும். ஊரில் போய்க் கடைந்துகொள்ளலாம்.